பட்டினி கிடக்காதவனின் இரத்தம்

செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு வாசல் மணி அடித்தது. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். தனலெட்சுமி இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றாமல் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் நின்றுகொண்டிருந்தார். இரத்தம் எடுக்க லேபிலிருந்து வருவதாகச் சொன்னார். “தனம் ஏன் வரலை, லீவா?” என்று கேட்டேன். அவர் பையைக் கீழே வைத்தார். “அக்கா தவறிட்டாங்க சார். போன புதன்கிழமை. ஒங்களுக்குத் தெரியாதா?” என்றார்.

எனக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவர் ரப்பர் பட்டையைக் கட்டினார். ஒரு மனுஷி செத்துப்போன செய்தியைக் கேட்டவன் குறைந்தபட்சம் எழுந்தாவது நிற்க வேண்டும். நான் அதைக்கூடச் செய்யவில்லை. இரண்டு முறை குத்தியும் இரத்தம் வரவில்லை. மூன்றாவது முறை வந்தது. அவர் ஒரு பஞ்சைக் கையில் கொடுத்து, “அழுத்திப் புடிச்சுக்கங்க சார்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனார். அந்தப் புதன்கிழமை காலையில் ஸ்கூட்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம் தனலெட்சுமி. புதுக்கோட்டைக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். நாற்பத்து நான்கு வயது.

அவர் வீட்டில் எடுத்து, அடக்கம் செய்து, பால் தெளித்து, எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. ஒன்பது கிலோமீட்டர் தள்ளி நான் இட்லி தின்றுவிட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன். யார்மீதும் குறையில்லை. எனக்கு யார் சொல்ல வேண்டும்? நான் அவருக்கு உறவா, பங்காளியா, தெருக்காரனா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டுகிற ஒரு ஆள். அப்படிப்பட்டவர்கள் திருமயத்தைச் சுற்றி அவருக்கு எத்தனையோ பேர். இதைப் படிக்கிற உங்களில் பலர் அப்படித்தான் அவரை அறிந்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். கூடவே நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ எனக்கு யோக்கியதை கிடையாது.

என்னைப் பற்றி இரண்டு வரி. முப்பத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் இருந்தவன். ஊர் ஊராகப் போய், நன்றாக இருக்கிற மனிதர்களிடம் “நாளைக்கே உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால்?” என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்தது. ஏதாவது ஆனது என் மனைவிக்குத்தான். அவள் போன பிறகு மதுரை வீட்டைக் காலி செய்துவிட்டு, திருமயத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் பூர்வீக வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். மகன் அமெரிக்காவில் இருக்கிறான். எனக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடுதல் என்று புதுக்கோட்டை டாக்டர் மாத்திரை எழுதியதும், அவன் அங்கிருந்தபடியே போனில் தட்டி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை லேபிலிருந்து ஆள் வந்து இரத்தம் எடுத்துப்போக ஏற்பாடு செய்தான். ரிப்போர்ட் முதலில் அவனுக்குப் போகும். அவன் பார்த்துவிட்டு எனக்கு அனுப்புவான். என் உடம்புக்குள் என்ன ஓடுகிறது என்பது கடல் தாண்டிப் போய்த்தான் எனக்கே வந்து சேரும்.

தனலெட்சுமி முதல் தடவை வந்தபோது என் கையைப் பார்க்கவே இல்லை. முழங்கை மடிப்பில் விரல் நுனியை வைத்துக்கொண்டு, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “என்னம்மா, கையைப் பார்க்காமல் எங்கே பார்க்கிறீங்க?” என்று சற்றுக் கடுப்பாகவே கேட்டேன். “ஒங்க நரம்பு ஒளிஞ்சு வெளையாடுது சார். கண்ணு பொய் சொல்லும், வெரலு சொல்லாது. செத்த சும்மா இருங்க” என்றார். ஊசி போனது தெரியவில்லை. அது முடிந்ததும் பஞ்சை என்னிடம் கொடுக்காமல் அவரே வைத்து அழுத்தி, மற்றக் கையால் என் மணிக்கட்டைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். முழுதாக இரண்டு நிமிடம். வேறு எந்த லேபிலும் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. எல்லோரிடமும் அவர் அப்படித்தான் செய்வார் என்று பின்னால் தெரிந்தது. “வயசானவுகளுக்குத் தோலு மெலிசு சார். விட்டா உள்ள ரத்தம் கட்டி நீலமாப் போயிரும். அப்பறம் வீட்டுல இருக்கவுக பயந்துக்குவாக” என்று காரணம் சொன்னார்.

என் வீட்டில் பயப்பட ஆள் இல்லை. ஆனால் மனைவி போன பதினாறு மாதங்களுக்குப் பிறகு என்னை ஒரு கை தொட்டது அன்றைக்குத்தான். முடி வெட்டுகிறவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. தனம் போன பிறகு அந்த நாற்காலியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வந்தது. எழுபதை நெருங்குகிற ஆள் இதை எழுதுவது வெட்கமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும்.

அவரிடம் ஒரு குணம் உண்டு. ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால், “டாக்டரைக் கேளுங்க” என்று தட்டிக் கழிக்க மாட்டார். மருந்தைப் பற்றி வாயைத் திறக்க மாட்டார். ஆனால் எண் எதைச் சொல்கிறது என்பதைச் சொல்லிவிடுவார். ஒருமுறை டாக்டர் வழக்கமான கொழுப்புப் பரிசோதனையோடு ‘அப்போ பி’ என்று ஒன்றையும் சேர்த்து எழுதியிருந்தார். கெட்ட கொழுப்பு எவ்வளவு என்பதுதான் ஏற்கெனவே வருகிறதே, இது எதற்கு என்று கேட்டேன். தனத்துக்குப் பிறந்த ஊர் கட்டுமாவடி. அப்பா அங்கே மீன் வியாபாரி. “கட்டுமாவடியிலேருந்து மீன் வண்டி வருதுல்ல சார். மொத்தம் எத்தனை கிலோ மீனு வருதுன்னு பாக்குறது ஒரு டெஸ்டு. எத்தனை வண்டி வருதுன்னு எண்ணுறது இன்னொரு டெஸ்டு. அதே கிலோ மீனைப் பத்து லாரியிலயும் கொண்டாரலாம், நூறு குட்டியானை வண்டியிலயும் கொண்டாரலாம். ரோட்டக் கெடுக்குறது மீனா, வண்டியா?” என்றார். வண்டிதான் என்றேன். “அம்புட்டுத்தான். ‘அப்போ பி’ங்கிறது வண்டி எண்ணுற டெஸ்டு” என்றார். டாக்டர் கால் மணி நேரம் படம் வரைந்து விளக்கியிருந்தாலும் எனக்கு இவ்வளவு ஏறியிருக்காது.

எங்கள் தெருவில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். குலதெய்வத்துக்குக் கிடா வெட்டிவிட்டு, மறுநாள் காலையிலேயே குடும்பத்தோடு இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டார். ஊருக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் கூடியிருக்கிற நாளிலேயே முடித்துவிடலாம் என்ற கணக்கு. எங்கள் பக்கத்தில் இதைச் செய்யாத குடும்பம் குறைவு: முதல் நாள் தலைக்கறி, குடல் குழம்பு, மறுநாள் கொழுப்புப் பரிசோதனை. தனம் வந்தார், சட்டிகள் கவிழ்ந்து கிடக்கிற முற்றத்தைப் பார்த்தார், பையைத் திறக்கவே இல்லை. “மூணு நாள் கழிச்சு வாரேண்ணே” என்றார். ஜவுளிக்கடைக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. வந்த பிள்ளைகள் எல்லாம் சாயங்காலம் போய்விடுவார்கள், இப்பவே எடுக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். “எடுக்கலாம்ண்ணே. ஆனா ஆட்டோட ரிப்போர்ட்டுதான் வரும், ஒங்க ரிப்போர்ட் வராது” என்றார் தனம். தெருவே சிரித்தது. ஜவுளிக்கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

அங்கிருந்து என் வீட்டுக்கு வந்தபோது அவரிடம் விவரம் கேட்டேன். இரத்தத்தை மெஷினில் வைத்துச் சுற்றினால் சிவப்பு கீழே தங்கி, மேலே தெளிந்த நீர் நிற்குமாம். அது இளமஞ்சளாகக் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். கறியும் நெய்யுமாகத் தின்றவனுடையது மோர் மாதிரி வெளுத்துக் கலங்கி நிற்குமாம். ட்ரைகிளிசரைடு என்கிற எண் ஏகத்துக்கு ஏறிவிடும். அதை வைத்துக் கணக்குப் போடுகிற மற்ற எண்களும் தப்பாகிப் போகும். இப்போதெல்லாம் பட்டினி அவசியமில்லை என்று சொல்கிற டாக்டர்கள் உண்டு. எங்கள் டாக்டர் பழைய ஆள், பன்னிரண்டு மணி நேரம் வெறும் வயிறு என்றால் வெறும் வயிறுதான். “அப்படி மோர் மாதிரி வந்தா என்ன செய்வீங்க?” என்று கேட்டேன். “என்ன செய்யிறது? மறுவடியும் வரணும்” என்றார்.

அந்த இரண்டு சொல் என் காதில் தங்கிவிட்டது.

அடுத்த முறை அவர் வருவதற்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்குத் திருமயம் போய்ப் பரோட்டாவும் ஆட்டுக்கால் பாயாவும் சாப்பிட்டேன். காலை ஐந்து மணிக்கு டீக்கடையில் மூன்று உளுந்தவடை, ஆடையோடு ஒரு பால். ஆறரைக்குத் தனம் வந்து, “வெறும் வயித்துலதான சார் இருக்கீங்க?” என்று கேட்டார். “பச்சைத் தண்ணி படவில்லை” என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் மூன்று வடையை இரத்தத்தில் மறைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் பாலிசி எடுக்க வந்தவர்களின் பாரத்தில் ‘குடும்பத்தில் யாருக்கேனும் இதய நோய் உண்டா’ என்ற கேள்விக்கு எத்தனை பேர் கூசாமல் ‘இல்லை’ என்று எழுதினார்கள் என்பதைப் பார்த்தவன் நான். எனக்குப் பொய் தெரியும். ஆனால் இது லாபத்துக்கான பொய் இல்லை. மூன்று மாதத்தில் வர வேண்டியவர் மூன்று நாளில் வருவார் என்பதற்காக.

மத்தியானம் போன் வந்தது. “சார், நேத்து ராத்திரி என்ன சாப்ட்டீங்க?” “இட்லி.” “எத்தனை?” “ரெண்டு.” “சரி சார். சனிக்கிழமை மறுவடியும் வாரேன்” என்றார். வந்தார். அன்றைக்கு ஒழுங்காகப் பட்டினி கிடந்தேன். இரத்தம் எடுத்து முடித்ததும் காபி போட்டுக் கொடுத்தேன். பதினைந்து நிமிடம் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். அவர் கணவர் முருகேசன் மஸ்கட்டிலிருந்து திரும்பி வந்து மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பது, மகள் காலேஜில் சேர்ந்திருப்பது, மேல் மாடியில் குடியிருப்பதால் தண்ணீர்க் குடம் தூக்குவது. சாதாரணப் பேச்சுத்தான். எனக்கு ஒரு வாரத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து இரண்டாவது தடவையும் அதே வேலையைச் செய்தேன். மறுபடி வந்த அன்று அவர் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். நாற்பத்தெட்டு வயதில், ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே ஐஸ் பெட்டிமேல் சாய்ந்து போனவர். அண்ணன் சார்ஜாவில் நாற்பத்தொன்றில் போனார். பெட்டியில்தான் ஊர் வந்தார். “ரெண்டு பேருமே ஒல்லி சார். பீடி தொட்டதில்ல. அளவாத்தான் சாப்புடுவாக. எங்க ஊருல இன்னும் செய்வினைன்னுதான் பேசிக்கிறாக” என்றார். அவர் நம்பவில்லை. தன் இரத்தத்தைத் தானே எடுத்துச் சென்னைக்கு அனுப்பிப் பார்த்திருக்கிறார். லிப்போபுரோட்டீன் ஏ என்று ஒன்று. அது அப்பா அம்மாவிடமிருந்து வருவது. சாப்பாட்டைக் குறைத்தாலும் நடந்தாலும் பெரிதாக இறங்காது. ஆயுளுக்கு ஒரு தடவை பார்த்தால் போதும் என்றார். அவருக்கு அது மிக அதிகமாக இருந்திருக்கிறது. “இதுக்குன்னு இங்க மாத்திரை இன்னும் வரல சார். மத்தக் கொழுப்ப நல்லாக் கொறைச்சு வச்சுக்கணும், அப்பப்ப நெஞ்சப் பாத்துக்கணும். அம்புட்டுத்தான் செய்ய முடியும்” என்று, வேறு யாருடைய ரிப்போர்ட்டையோ படித்துக் காட்டுவதைப் போலச் சொன்னார். மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். பாலிசி எடுத்திருக்கிறீர்களா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன், பழக்க தோஷம். சிரித்தார். “எடுத்திருக்கேன் சார். அண்ணனும் அப்பாவும் நெஞ்சுவலியில போனாகன்னு சொன்னேன். பாரத்துல ‘இல்லை’ன்னு போடும்மா, அப்பத்தான் சுலுவா நடக்கும்னாரு ஒங்கள மாதிரி ஒருத்தர்.” நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்குக் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே ஒன்று சொன்னார். “சார், ஊசி இல்லாமயும் நான் வருவேன். இங்கிட்டு வாரத்துக்கு ரெண்டு நாள் வந்து போறவதான். கூப்புட்டாப் போதும்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது. மெஷினில் சுற்றிய என் இரத்தம் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறது. நான் என்ன செய்தேன் தெரியுமா? புரியாதது போல, “எதற்கும்மா?” என்று கேட்டேன். அவர், “சும்மாதான் சார்” என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார். எங்கள் வீடுகளில் ஆண்பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே ஒன்று சொல்லித் தருவார்கள்: காரியம் இல்லாமல் ஒருவரைக் கூப்பிடாதே. காரியம் சொல்லிக் கூப்பிடலாம், கல்யாணம் என்று கூப்பிடலாம், சண்டைக்குக்கூடக் கூப்பிடலாம். தனியாக இருக்கிறேன், வந்து பத்து நிமிடம் உட்காருங்கள் என்று கூப்பிட எனக்குத் தெரியாது. அவர் நம்பர் என் போனில்தான் இருந்தது. ஆறு மாதம் நான் அதைத் தொடவில்லை. ஆறாவது மாதம் மறுபடியும் வடை தின்றேன்.

அது மூன்றாவது தடவை; வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் மகனுக்குப் போனது. இந்த முறை எண் அவனைக் கலவரப்படுத்திவிட்டது. அப்பாவுக்கு ட்ரைகிளிசரைடு எங்கேயோ போய் நிற்கிறது, நாளைக்கே மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அங்கிருந்து லேப் முதலாளிக்கே போன் போட்டுவிட்டான். தனம் தவிர வேறு யார் வந்தாலும் நான் கையை நீட்டுவதில்லை என்பது லேபில் எல்லோருக்கும் தெரியும். அதனால் சனிக்கிழமை காலை அவர்தான் வந்தார். வழக்கமான பருத்திச் சுடிதாரில் இல்லை. நல்ல புடவை கட்டியிருந்தார். “எங்கம்மா, விசேஷமா?” என்று கேட்டேன்.

“இல்ல சார். திருச்சியில ஹார்ட் டாக்டர்ட்ட டோக்கன் போட்டிருந்தேன். ரெண்டு வாரமா மாடி ஏறுனா நெஞ்சுல ஒரு இறுக்கம். அதான் பாத்துரலாம்னு” என்றார். பட்டையைக் கட்டினார். சன்னல் பக்கம் திரும்பி விரலால் நரம்பைத் தேடினார். “ஏழேகாலு பஸ்ஸப் புடிச்சாத்தான் டோக்கன் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். ஒங்களுக்கு அவசரம்னு மொதலாளி சொன்னாரு. பரவால்ல சார், இன்னிக்கு விட்டா அடுத்த மாசம் தருவாக. போய்க்கலாம்.”

மணி ஆறு நாற்பது. நான் மட்டும் வாயைத் திறந்திருந்தால் அவர் பையை மூடிக்கொண்டு அந்த பஸ்ஸைப் பிடித்திருக்கலாம். என் இரத்தத்தில் ஒரு அவசரமும் இல்லை. வியாழக்கிழமை அதில் இருந்ததெல்லாம் பரோட்டாவும் பாயாவும் வடையும்தான். அதைச் சொன்னால் மூன்று தடவை பொய் சொன்னவன் என்று அவர் முன்னால் நிற்க வேண்டியிருக்கும். இத்தனைக்கும் அது அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்த ஒருவரிடம் தெரிந்த ஒன்றைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சம். ஊசி போனது, இரத்தம் வந்தது, பஞ்சை வைத்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்தேன். பிறகு நான் சொன்னது இது: “காபி சாப்பிட்டுவிட்டுப் போங்கம்மா.” அவர் உட்கார்ந்தார். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி என்று எனக்கு இப்போது நினைவில்லை.

அந்த சனிக்கிழமைக்கு இருபத்தைந்தாம் நாள் அவர் போய்விட்டார். புது டோக்கனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு ரிப்போர்ட்டையும் பார்த்துக் குழம்பிய என் டாக்டர், ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்கச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை காத்திருந்தேன். அன்றைக்கு எல்லாவற்றையும் தனத்திடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். பிறகு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல்லி, அந்தச் சனிக்கிழமை திருச்சிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று கேட்டேன். “யாராலும் சொல்ல முடியாது. பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் இருந்திருக்கலாம்” என்றார். இன்சூரன்ஸ்காரனுக்கு இது புதிது இல்லை. ஆயிரம் பேரை வைத்துக்கொண்டு எத்தனை பேர் போவார்கள் என்று சொல்லலாம். ஒருவரைக் காட்டி இவர் போவாரா என்று சொல்ல முடியாது. இதையே வைத்துக்கொண்டு நான் தப்பித்துவிடலாம். ஆனால் அன்றைக்கு அவர் போயிருக்க வேண்டிய இடம் திருச்சி. உட்கார்ந்திருந்த இடம் என் வீடு. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாவது மாடி. ஏறும்போது படிகளை எண்ணினேன், முப்பத்தாறு. முருகேசன் கூடத்தில் இருந்தார். கையெல்லாம் வார்னிஷ் கறை. கடையை அன்றுதான் திறந்திருந்தாராம். நான் யார் என்று சொன்னதும் தெரிந்துகொண்டார். “ஒங்களப் பத்திப் பேசும் சார். ‘அந்தப் பெரிய வீட்ல ஒத்தையா இருக்காரு, பாவம்’னு சொல்லும்” என்றார். அவருடைய மகள் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் சொன்னேன். பரோட்டா, வடை, மூன்று தடவை, ஏழேகால் பஸ், காபி. எதையும் குறைக்கவில்லை. அவர் விரலில் ஒட்டியிருந்த வார்னிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

“சொல்லாமலே இருந்திருக்கலாம் சார்” என்றார்.

நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “இம்புட்டு நாளா ‘விதி’ன்னு நெனச்சுத் தூங்குனேன். இப்ப நீங்க வந்து ஒரு பஸ்ஸக் காட்டிட்டுப் போறீங்க. இனி நான் எப்புடித் தூங்குறது?” என்றார். கோபம் இல்லை. களைப்பாகக் கேட்டார். நெஞ்சில் இருந்ததை இறக்கி வைத்தால் லேசாகிவிடும் என்று எண்ணித்தான் அந்த முப்பத்தாறு படி ஏறினேன். இறக்கிய இடம் அந்த மனிதரின் தலை என்பது இறங்கும்போதுதான் உறைத்தது. தனிமையில் இருக்கிறவனுக்குத் தன் பாரம் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும் போலிருக்கிறது.

கீழே வந்து நிற்கும்போது அவரும் பின்னாலேயே இறங்கி வந்தார். இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார். “எழுதுங்க. அந்த டெஸ்டு பேரையும் சேத்து எழுதுங்க. அப்பன் அண்ணன்னு அடுத்தடுத்து நெஞ்சுவலியில போன வீட்ல, செய்வினைன்னு சொல்லாம நாலு பேரு போய்ப் பாத்துக்கட்டும். எம்மகளுக்கும் பாக்கப் போறோம்” என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, “ஆனா சார், கோவிச்சுக்காதீங்க. கொஞ்ச நாளைக்கு இங்கிட்டு வராதீங்க” என்றார். வர மாட்டேன் என்றேன். அந்தப் பிள்ளையின் ரிப்போர்ட் இந்நேரம் வந்திருக்கும். என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. கேட்கும் உரிமையை நானே தொலைத்துவிட்டேன்.

அவர் தொட்ட கையுள்ளவர்களே, உங்கள் வீட்டில் இளவயதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் இருந்தால், ஒல்லியானவர்கள், பத்தியமாக இருந்தவர்கள் என்று பார்க்காமல், லிப்போபுரோட்டீன் ஏ என்ற அந்த ஒரு பரிசோதனையைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். பட்டினி இருக்கச் சொன்னால் பட்டினி இருங்கள். யாராவது வந்து உட்கார வேண்டும் என்று தோன்றினால், இரத்தத்தை நடுவில் இழுக்காமல் வாயைத் திறந்து கூப்பிடுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் இதைத் தெரிந்துகொண்ட விதம் என்னைத் தவிர வேறு யாருக்கும் வாய்த்திருக்காது.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று சொல்லி முடிக்க வேண்டும். படம் எதுவும் என்னிடம் இல்லை. கையெழுத்துக்கூட இல்லை, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவது வேறொருவர். என்னிடம் இருப்பது நான் சொல்லாமல் விட்ட ஒரே ஒரு வாக்கியம். காலையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அது தானாக வாய்க்கு வருகிறது. வீட்டில் யாரும் இல்லை என்பதால் சத்தமாகவே சொல்கிறேன். “தனம், வியாழக்கிழமை நான் சாப்பிட்டிருந்தேன், நீங்கள் பஸ்ஸுக்குக் கிளம்புங்கள்.”